மானியமும் சந்தாவும்

கும்பகோணத்தில் கணக்கெழுதிப் பிழைப்பது பழைய தொழில். பாத்திரக் கடைகளும், பட்டு ஜவுளிக் கடைகளும், வெற்றிலை மண்டிகளும், நெல் வியாபாரிகளின் கிட்டங்கிகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இந்த ஊரில், அன்றைய குறிப்பேட்டை எழுதி முடித்து ரொக்கக் கையிருப்பை எண்ணிச் சரிபார்க்காமல் கடைக்கதவை மூடுகிறவன் முதலாளியே அல்லன் என்ற எண்ணம் நிலவிய காலத்தில், ஒரு பாத்திரக் கடையில் குறிப்பேடு எழுதச் சேர்ந்து, பிறகு ஓர் ஆடிட்டரிடம் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்து, கடைசியில் சொந்தமாகத் தொழில் நடத்தத் தொடங்கியவன் நான். எனக்குச் சோறு போட்டது வியாபாரிகளின் கணக்குத்தான். ஆனால் தொழிலின் நுட்பத்தை எனக்குக் கற்பித்தவை வியாபாரமே செய்யாத சில ஸ்தாபனங்களின் கணக்குகள். அரசலாற்றுக்கும் திருமலைராஜனாற்றுக்கும் இடைப்பட்ட கிராமங்களில், நடவும் களையெடுப்பும் அறுப்புமாக வாழ்ந்துவந்த நிலமற்ற ஆதிதிராவிடப் பெண்கள் கூடி நடத்திய சங்கங்கள் அவை. அவற்றிற்குச் சர்க்கார் பணம் வந்த விதத்தையும், வந்த பணத்தோடு கூட வந்த சிக்கல்களையும் பேரேட்டின் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியால் இதை எழுதுகிறேன்.

கடைக் கணக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்ல வேண்டும்: லாபமா, நஷ்டமா? அங்கே வந்து சேர்ந்த நூறு ரூபாய் யாரிடமிருந்து வந்தது என்பது பாக்கி வசூலுக்குத் தேவையே தவிர, அந்த நூறு ரூபாயைக் கொண்டு முதலாளி பித்தளை வாங்கினாலும், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தாலும், அவரைக் கேட்பாரில்லை. சங்கக் கணக்கோ அப்படிப்பட்டதன்று. அங்கே ஒவ்வொரு ரூபாயும் கொடுத்தவரின் நோக்கத்தையும் தன்னோடு சுமந்துகொண்டே உள்ளே வருகிறது. தையற் பயிற்சிக்கென்று வந்த பணத்தில் குழந்தைகளுக்குப் பால் வாங்கிவிட்டால், வாங்கிய பால் உண்மையாயும், குடித்த குழந்தைகள் உண்மையாயும் இருந்தபோதிலும், கணக்குப் பொய்யாகிவிடுகிறது. இந்தப் பேதத்தை எனக்கு மிகச் சுருக்கமாகச் சொன்னவர் ஒரு சங்கத்தின் பொருளாளர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைப்பவர். மாதக் கூட்டத்தில் நான் வரவு செலவை வாசிக்கத் தொடங்கியபோது அவர் என்னை நிறுத்தி, “ஐயா, எவ்வளவுன்னு பொறவு சொல்லுங்க, எந்தப் பணம்னு மொதல்ல சொல்லுங்க” என்றார். அன்றிலிருந்து எந்தச் சங்கத்தின் கணக்கை வாசித்தாலும் அந்தக் கிரமத்திலேயே வாசிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பெண்கள் சங்கங்களுக்குச் சர்க்கார் பணம் கொடுப்பது நம் தேசத்தில் ஒன்றும் நேற்றைய ஏற்பாடன்று. 1953-ஆம் ஆண்டில், துர்காபாய் தேஷ்முக் அம்மையாரைத் தலைவராகக் கொண்டு மத்திய சமூக நல வாரியம் ஏற்பட்டபோதே, தொண்டு ஸ்தாபனங்களின் வழியாக மாதர் நலப் பணிகளை நடத்துவது, அதற்கு மானியம் கொடுப்பது என்னும் கொள்கை வேரூன்றிவிட்டது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் எங்கள் பக்கத்து மாதர் சங்கங்களில் தையல் வகுப்பும் பால்வாடியும் நடந்தன. ஆனால் நான் அறிந்த வரையில் அவற்றின் காரியதரிசிகள் பெரும்பாலும் மேலத்தெருப் பெண்மணிகளாகவும், சேரிப் பெண்கள் அவற்றின் பயனைப் பெறுகிறவர்களாகவும் இருந்தார்களேயன்றி, நடவடிக்கைப் புத்தகத்தில் கையெழுத்திடும் அங்கத்தினர்களாக இருந்தது அபூர்வம். 1952-இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வயல்வெளிகளில் நடந்த கூலிக் கிளர்ச்சிகளும், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான கொடுமையும், இந்த ஜில்லாவின் உழைக்கும் மக்களை என்றென்றைக்குமாக மாற்றிவிட்டன. அந்த மாற்றத்தின் பின்விளைவாகவே, தங்கள் சார்பில் யாரோ பேசுவதற்குப் பதிலாகத் தாங்களே பேசுவது என்று தீர்மானித்த பெண்களின் சங்கங்கள் தோன்றி, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, என்னைப் போன்றவர்களின் மேஜைக்கு வந்து சேர்ந்தன.

மானியம் என்பது வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும் பெரும் எழுத்து வேலையை வேண்டுவது. பதிவுச் சான்றிதழின் நகல், துணை விதிகளின் நகல், செயற்குழு உறுப்பினர் பட்டியல், முந்தைய ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட ஐந்தொகை, மானியம் கோரி நிறைவேற்றிய தீர்மானத்தின் உண்மை நகல், முத்திரைத்தாளில் எழுதிய உறுதிப் பத்திரம் ஆகிய எல்லாம் ஒன்று சேர்ந்தால்தான் விண்ணப்பம் விண்ணப்பமாகும். முதல் தவணை வந்து, அதைச் செலவு செய்து, பட்டயக் கணக்காளர் கையொப்பமிட்ட பயன்பாட்டுச் சான்றிதழை அனுப்பினால்தான் இரண்டாம் தவணைக்கு வழி பிறக்கும். இதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. பொதுப் பணத்துக்குப் பொறுப்புக் கேட்பது நியாயமே. ஆனால் மேட்டூரில் ஜூன் மாதம் திறந்த தண்ணீர் கடைமடை வயலுக்கு நாற்று முற்றிய பிறகு வந்து சேர்வதைப் போல, ஏப்ரலில் அனுமதித்த பணம் பல சமயங்களில் மார்ச் மாதத்தின் கடைசி வாரத்திலேதான் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. வந்த பணத்தை 31-ஆம் தேதிக்குள் செலவு செய்துவிட்டதாகச் சான்று கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோ ஏப்ரலிலிருந்தே காத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் கணக்கனின் தர்மம் சோதனைக்கு உள்ளாகிறது. இல்லாத பயிற்சிக்கு வவுச்சர் எழுதுவது எளிது. ஊரில் அப்படி எழுதிக் கொடுப்பவர்களும் இருந்தார்கள். நான் பழகிய சங்கங்களில் செலவாகாத மீதியைச் செலவாகாத மீதி என்றே ஐந்தொகையில் காட்டி, அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டு ஒரு கடிதமும் இணைத்து அனுப்புவோம். அதனால் தவணை தாமதமானது உண்டு. ஆனால் நடவுக் கூலி குறைவாகக் கொடுத்தவனைப் பற்றி மனுக் கொடுக்கப் போகும் ஒரு பெண்ணின் சங்கத்தில் பொய் வவுச்சர் ஒன்று இருந்தால், அந்த ஒரு காகிதமே அவளுடைய வாயை அடைக்கப் போதுமானது என்பதை அவர்கள் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். எளியவர்களின் ஸ்தாபனத்துக்குக் கணக்கு என்பது பாதுகாப்பு என்னும் உண்மை எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

கணக்குச் சுத்தமாக இருந்தாலும் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. அதைக் கிளப்பியது ஒரு பஸ் கட்டண வவுச்சர். சங்கத்துப் பெண்கள் ஒரு திங்கட்கிழமை, மனு நாளில், சுடுகாட்டுப் பாதையை ஆக்கிரமித்திருந்ததைப் பற்றியும், சம்பா நடவுக்குச் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்படவில்லை என்பதைப் பற்றியும் மனுக் கொடுக்கக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்வந்தார்கள். போக வரப் பஸ் செலவையும், மத்தியானம் சாப்பிட்ட தயிர்ச்சாதப் பொட்டலத்தையும், விழிப்புணர்வுப் பயிற்சிக்காக வந்திருந்த மானியத்தில் ‘பிரயாணச் செலவு’ என்ற தலைப்பில் எழுதச் சொன்னார் காரியதரிசி. தங்கள் உரிமையை அறிந்துகொள்ளக் கற்பிப்பதற்கு வந்த பணத்தில், அறிந்துகொண்ட உரிமையைக் கேட்கப் போன செலவை எழுதுவதில் என்ன தவறு என்பது அவருடைய வாதம். பின்னர் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், மரியாதை தெரிந்த மனிதர், அந்த வவுச்சரைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, “சர்க்கார் பணத்தைச் செலவழித்துச் சர்க்காரிடமே புகார் கொண்டுபோவது எந்தத் தலைப்பிலும் அடங்காதே, அம்மா!” என்றார். அவரிடம் விரோத பாவமே இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவத்தில் அந்தச் செலவுக்கு உண்மையாகவே இடமில்லை. பயிற்சி உண்டு, உபகரணம் உண்டு, வாடகை உண்டு, எழுதுபொருள் உண்டு, மதிப்பூதியம் உண்டு. ஆனால் இவையெல்லாம் எதற்காக ஏற்பட்டனவோ அந்தக் காரியத்துக்கு, அதாவது தன் குறையைத் தானே எடுத்துச் சொல்லும் காரியத்துக்கு, ஒரு வரியும் இல்லை.

அந்த மாதக் கூட்டத்தில் நடந்த சம்பாஷணை நீண்டது. சிலர் மானியமே வேண்டாம் என்றார்கள். சிலர் மனுவை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் நடத்துவோம் என்றார்கள். எழுத்தறியாத அந்தப் பொருளாளர்தான் இரண்டையும் மறுத்து, சர்க்கார் பணம் சர்க்கார் சொன்ன வேலைக்கு, நம் சந்தா நம் வாய்க்கு என்று முடிவு சொன்னார். அதன்படி, துணை விதிகளில் சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்றாக, அங்கத்தினரின் குறைகளை உரிய அதிகாரிகளிடம் எடுத்துரைத்தல் என்பதைத் தெளிவாகச் சேர்த்துப் பதிவாளருக்கு அனுப்பினோம். சந்தாவுக்கு வேறு வங்கிக் கணக்கும் வேறு பேரேடும் திறந்தோம். மனு எழுதும் செலவு, நகல் எடுக்கும் செலவு, பஸ் கட்டணம், வக்கீலைப் பார்க்கும் செலவு யாவும் அந்தப் பேரேட்டிலேயே விழுந்தன. நடவு இல்லாத மாதங்களில் சந்தா வசூல் சொற்பமாக இருக்கும். சம்பா அறுப்பு முடிந்த தை, மாசியில் பாக்கியெல்லாம் சேர்ந்து வரும். தொகை எவ்வளவு சிறியதானாலும் அதை வட்டமிட எந்தச் சிவப்புப் பேனாவுக்கும் அதிகாரமில்லை. பின்பு என்னிடம் வந்த ஒவ்வொரு சங்கத்துக்கும் இந்த இரண்டு பேரேட்டு முறையையே சிபாரிசு செய்து வந்திருக்கிறேன்.

சர்க்காரோடு கைகோத்துக்கொண்டே சர்க்காரை எதிர்த்தும் நிற்க முடியுமா என்ற சந்தேகம் எங்களுக்கு வந்தபோதெல்லாம், தென்கிழக்கே சற்றுத் தொலைவில் நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய காரியமே சமாதானமாக இருந்தது. கீழ்வெண்மணிக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் 1981-இல் ‘லாஃப்டி’ என்று எல்லாரும் சுருக்கமாக அழைத்த, உழுபவரின் நில விடுதலைக்கான ஸ்தாபனத்தை நிறுவினார்கள். நிலத்தை விற்க முன்வரும் மிராசுதாரிடம் பேசி விலை முடித்து, கடனையும் மானியத்தையும் சர்க்கார் ஸ்தாபனங்களிடமிருந்து பெற்று, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம், அதுவும் பெண்ணின் பெயரிலேயே பத்திரம் பதிவு செய்வது அவர்களுடைய முறை. 1974-இல் ஏற்பட்ட தாட்கோவும், 1989-இல் ஏற்பட்ட தேசிய தாழ்த்தப்பட்டோர் நிதி மேம்பாட்டுக் கழகமும் இந்தப் பணிக்குத் துணை நின்றன. 2007 வாக்கில் ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் இவ்விதம் நிலம் பெற்றிருந்தன. கணக்கெழுதுகிறவனுடைய கண்ணால் பார்த்தால் இதன் பிரம்மாண்டம் வேறு விதமாகத் தெரியும்: ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கடன் பேரேடு, ஒரு பத்திரம், ஒரு பட்டா மாறுதல் விண்ணப்பம், தவணைத் தேதி ஒரு பக்கம், அறுப்புக் காலம் மறுபக்கம். இவ்விரண்டையும் பொருத்துகிற வேலையைப் பெண்ணுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நின்று செய்வதற்கு ஒரு சங்கம் இல்லாவிட்டால், அத்தனை திட்டமும் காகிதத்தோடு நின்றிருக்கும்.

அதே காலத்தில், விளைநிலங்களை உப்பளமாக்கிய இறால் பண்ணைகளை எதிர்த்து ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். ‘எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம்’ என்னும் அந்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்று 1996 டிசம்பர் 11-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒரே தம்பதியரில் ஒருவர் சர்க்கார் பணத்தால் பெண்களுக்கு நிலம் வாங்கிக்கொடுக்க, மற்றவர் அதே சர்க்காரைப் பிரதிவாதியாக நிறுத்தி அந்த நிலத்தைக் காக்க வழக்காடியது எங்கள் ஊர்ச் சின்னச் சங்கங்களுக்கு அளித்த தைரியம் கொஞ்சமன்று. கிருஷ்ணம்மாளுக்கு 1989-இல் பத்மஸ்ரீயும், 2020-இல் பத்மபூஷணும் கிடைத்தன. இடையே 2008-இல் கணவரோடு சேர்ந்து ‘மாற்று நோபல்’ என்று பெயர்பெற்ற விருதும் கிடைத்தது. எதிர்த்துப் பேசியவர்களைச் சர்க்காரும் கௌரவிக்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

பின்னர் மகளிர் திட்டம் வந்தது. 1983-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு முறையை, 1997-98 முதல் மாநிலம் முழுவதற்கும் விரித்தது. தொண்டு ஸ்தாபனங்கள் குழுக்களை அமைத்துப் பயிற்றுவிக்க, அதற்காகச் சர்க்கார் அவர்களுக்குப் பணம் கொடுத்தது. வங்கி வாசலை மிதித்தறியாத பெண்கள் மேலாளரின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கடன் பேசும் காட்சியை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பெருமை இத்திட்டத்தைச் சாரும். ஆனால் அமைத்த குழுக்களை எண்ணிப் பணம் கொடுக்கத் தொடங்கியதும், என் மேஜைக்கு வந்த நடவடிக்கைப் புத்தகங்களின் மொழியும் மாறிற்று. முன்பு கூலி, பாதை, பட்டா, மயானம் என்று நிரம்பியிருந்த தீர்மானங்களின் இடத்தைச் சேமிப்பு, உள்கடன், வட்டி, தவணை பாக்கி ஆகியவை பிடித்துக்கொண்டன. யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எதற்குப் பணம் வருகிறதோ அதற்கே நேரமும் போகிறது. சந்தாப் பேரேட்டைக் கைவிடாத சங்கங்களில் மட்டும் பழைய தீர்மானங்களும் புதிய தீர்மானங்களும் ஒரே புத்தகத்தில் அருகருகே இருந்தன.

இது ஏதோ நம் ஊர்ச் சங்கதி என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, கனடா தேசத்துப் பூர்வகுடிப் பெண்களின் வரலாற்றைப் படித்தபோது வியப்பே உண்டாயிற்று. 1974-இல் நிறுவப்பட்ட அவர்களுடைய தேசியச் சங்கம், 1992-இல் அரசியலமைப்பைத் திருத்துவதற்கான பேச்சுவார்த்தை நடந்தபோது, அதில் கலந்துகொள்ளப் பூர்வகுடி மக்களின் நான்கு தேசிய ஸ்தாபனங்களுக்கு அரசு ஒரு கோடி டாலர் கொடுத்ததையும், பெண்கள் சங்கத்துக்கு நேராக எதுவும் கொடுக்காமல், அவற்றில் இரண்டு ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றின் கை வழியாகவும் 1,30,000 டாலர் மட்டும் கிடைக்கச் செய்ததையும் எதிர்த்து நீதிமன்றம் சென்றது. ஆண்களின் தலைமையில் இயங்கும் ஸ்தாபனங்கள் எங்கள் சார்பில் பேசிவிட முடியாது என்பது அவர்களுடைய வாதம். கீழே சாதகமான தீர்ப்புக் கிடைத்தும், 1994 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பேச்சுரிமை என்பது பேசுவதற்கு அரசிடம் பணம் கேட்கும் உரிமையாகாது என்னும் போக்கில் வழக்கைத் தள்ளிவிட்டது. பிறகு 2005-இல் அதே சங்கத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து, காணாமற்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றி ஆராயும்படி அரசே ஏற்பாடு செய்தது. அவர்கள் 582 பெண்களையும் சிறுமிகளையும் பற்றிய விவரங்களைத் திரட்டினார்கள்; 2010-இல் அந்த நிதி நின்றுபோயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின், 2016-இல், அதே விஷயத்தை விசாரிக்கத் தேசிய ஆணையத்தை அரசே நியமிக்க நேர்ந்தது. பெண்கள் திரட்டிய உண்மை, நிதி நின்ற பிறகும் நிற்கவில்லை.

இப்போது காற்று வேறு திசையில் வீசுகிறது. சங்கத்தின் வழியாக அல்லாமல், பெண்ணுக்கு நேராகவே கொடுப்பது இன்றைய முறை. 2023-இல் தமிழக அரசு அறிவித்த ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’, நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி விவசாயத் தொழிலாளப் பெண்கள் நிலம் வாங்க ஐம்பது சதவீதம், அதிகபட்சம் ஐந்து லட்சம் ரூபாய், மானியம் அளிப்பதோடு, முத்திரைத் தீர்வையிலிருந்தும் பதிவுக் கட்டணத்திலிருந்தும் விலக்கும் அளிக்கிறது. மிக நல்ல திட்டம்; லாஃப்டி பல ஆண்டுகள் மன்றாடிக் கேட்டதைப் போன்ற சலுகைகள் இன்று ஆணையாகவே வந்திருக்கின்றன. ஆனால் விற்கும் மனிதரைத் தேடுவது, வில்லங்கம் பார்ப்பது, அளந்து அத்துக் காட்டச் செய்வது, பட்டா மாறுகிற வரையில் அலைவது ஆகிய காரியங்களைத் தனியொரு கூலிப் பெண் எப்படிச் செய்வாள்? மகாமகக் குளக்கரையில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களை எண்ணிப் பாருங்கள். 2008-இல் அவர்களுக்கு நல வாரியம் வந்தது. 2022 டிசம்பரில் பாராளுமன்றம் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. உரிமை கிடைத்துவிட்டது, அந்த உரிமையை எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் கேட்பது என்று சொல்லிக்கொடுக்கவும் கூடவே வந்து நிற்கவும் அவர்களுக்குச் சொந்தமான சங்கம் வேண்டும்.

ஆகையால், சர்க்காரின் மானியம் பெண்கள் சங்கங்களுக்குத் தேவை என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அது ஆண்டுக்கு ஆண்டு கெஞ்சிப் பெறுவதாக இல்லாமல், மூன்றாண்டுக்கேனும் நிச்சயமாக வரவேண்டும் என்பதும், குறைகளை எடுத்துரைக்கும் செலவுக்கும் படிவத்தில் ஒரு வரி வேண்டும் என்பதும் என் கோரிக்கை. அந்த வரி வருகிற வரையிலும், வந்த பிறகும், சந்தாவை விடக்கூடாது. மானியம் நின்றாலும் நடக்கக்கூடிய காரியம் ஒன்றாவது ஒரு சங்கத்திடம் இருக்க வேண்டும். அது மனுக் கொடுக்கும் காரியமாக இருந்துவிட்டால், நின்ற மானியத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். என்னிடம் தொழில் கற்க வருகிற இளைஞர்கள் இப்போது கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள். எல்லாப் பணத்தையும் ஒரே கணக்கில் வைத்து, வேண்டும்போது தலைப்புவாரியாகப் பிரித்து அறிக்கை எடுத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். அறிக்கை பிரியும், வங்கிக் கணக்குப் பிரியாது என்பது என் பதில். திட்ட அலுவலகம் கணக்கை நிறுத்திவைக்கச் சொன்னால், பிரிந்து நிற்கும் சந்தாப் புத்தகத்திலிருந்துதான் மறுநாள் பஸ்ஸுக்குப் பணம் எடுக்க முடியும்.